தடைகள் தளர்ந்த ஐந்தாண்டுகள்: மியான்மரின் மாற்றமும் அமெரிக்காவின் மறுமொழியும்

வேற்று நாடொன்றில் மனித உரிமைகள் மிதிபடும்போது ஓர் அரசு என்ன செய்யலாம் என்பதற்குப் பன்னாட்டு உறவியலில் பழகிய வழிகள் பல உள்ளன. கண்டனத் தீர்மானம், தூதரைத் திரும்ப அழைத்தல், உதவியை நிறுத்துதல், வணிகத்தைத் தடுத்தல் எனப் படிப்படியாக ஏறும் அந்நடவடிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் முன்னுதாரணமும் சட்ட வடிவமும் இருக்கின்றன. ஆனால், உரிமைகளைப் பறித்த அதே ஆட்சி திருந்தத் தொடங்கும்போது, ஏறிய படிகளிலிருந்து எந்த வேகத்தில், எந்த வரிசையில், எதைச் சான்றாகக் கொண்டு இறங்குவது என்ற கேள்வி அந்த அளவுக்கு ஆராயப்பட்டதில்லை. இறங்கத் தாமதித்தால் சீர்திருத்தம் செய்ய முன்வந்தோர் தம் நாட்டுக் கடும்போக்காளர்முன் வெறுங்கையோடு நிற்க நேரும். விரைந்து இறங்கினால் பாதி வழியிலேயே நின்றுவிட்ட மாற்றத்துக்கு முழு விலை கொடுத்ததாகிவிடும். இந்தச் சிக்கலை அண்மைக் காலத்தில் மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு, 2011க்கும் 2016க்கும் இடையில் மியான்மரில் தோன்றிய மாற்றங்களுக்கு அமெரிக்கா அளித்த மறுமொழியாகும்.

அந்த மறுமொழியைப் புரிந்துகொள்ள, தளர்த்தப்பட்டது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1988இல் எழுந்த மக்கள் கிளர்ச்சியைப் படையினர் குருதியில் மூழ்கடித்த பிறகு அமெரிக்கா உதவிகளை நிறுத்தியது. வளரும் நாடுகளின் பொருள்களுக்குச் சுங்கவரியில்லா நுழைவு தரும் பொதுமை விருப்பச் சலுகைத் திட்டத்திலிருந்து 1989இல் மியான்மரை விலக்கியது. 1990 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் 485 இடங்களில் 392ஐ வென்றபோதும் படையாட்சி அதிகாரத்தைக் கைமாற்ற மறுத்தது. அதன்பின் யாங்கோனில் அமெரிக்காவுக்கு முழுநிலைத் தூதர் இல்லை, தூதரகத்தைக் கவனிக்கும் இடைக்காலத் தலைமை அலுவலரான பொறுப்புத் தூதர் மட்டுமே இருந்தார். 1997இல் அதிபர் கிளிண்டன் பிறப்பித்த ஆணை அமெரிக்கர்கள் அங்குப் புதிதாக முதலீடு செய்வதைத் தடுத்தது. 2003 மே 30 அன்று டெபாயின் அருகே சூச்சியின் பயண அணி கொடூரமாகத் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மியான்மர்ப் பொருள்களின் இறக்குமதியையே தடை செய்தது. பௌத்தத் துறவிகள் 2007இல் நடத்திய எழுச்சி ஒடுக்கப்பட்ட பின், 2008இல் வந்த மற்றொரு சட்டம் மூன்றாம் நாடுகளின் வழியாக நுழைந்த மாணிக்கத்தையும் பச்சைக் கல்லான ஜேடையும் தடுத்ததோடு, மியான்மர் விவகாரத்துக்கெனச் சிறப்புப் பிரதிநிதி ஒருவரை அமர்த்தவும் வகைசெய்தது. ஆகவே தடை என்பது ஒற்றை மதிலன்று; நாடாளுமன்றச் சட்டங்களும் அதிபரின் ஆணைகளும் நிதித்துறையின் பெயர்ப் பட்டியல்களும் இருபதாண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அமைப்பு அது; அவற்றில் ஒவ்வொன்றையும் எடுப்பதற்கான வழி வேறு, அதிகாரம் படைத்தவர் வேறு.

இவ்வளவு தடைகளும் படைத்தலைவர்களைப் பணியவைத்தனவா என்றால், இல்லை. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையில் 2007 ஜனவரியில் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் தம் மறுப்புரிமையால் வீழ்த்தின. உலக அளவிலான தடை என்ற ஒன்று உருவாகவே இல்லை. தாய்லாந்து எரிவாயுவை வாங்கியது, சீனா சாலையும் துறைமுகமும் அமைத்தது. சூச்சிக்கு 1993ஆம் ஆண்டுக்கான ஜவாஹர்லால் நேரு விருதை அளித்த இந்தியாவும், வடகிழக்கு எல்லையின் பாதுகாப்பையும் சீனச் செல்வாக்கையும் எண்ணிப் படையாட்சியோடு உறவை வளர்த்து, அதன் தலைவர் தான் ஷ்வேயை 2004இலும் 2010இலும் அரசமுறை விருந்தினராக வரவேற்றது. அமெரிக்காவின் 1997ஆம் ஆண்டு ஆணையும் ஏற்கெனவே நடைபெற்றுவந்த முதலீடுகளைத் தொடவில்லை என்பதால், யடானா எரிவாயுத் திட்டத்தில் அமெரிக்க நிறுவனமான யூனோகாலின் பங்கு தொடர்ந்தது. பின்னர் அது செவ்ரானின் கைக்குச் சென்றது. படையாட்சியின் பெரிய அந்நியச் செலாவணி ஊற்று இவ்வாறு தடைக்கு வெளியே நிற்க, 2003 இறக்குமதித் தடையின் அடியை முதலில் தாங்கியவர்கள் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலையிழந்த பெண்களே.

2009இல் பொறுப்பேற்ற ஒபாமாவின் அரசு இந்நிலையை மறுஆய்வு செய்து, தடைகளை வைத்துக்கொண்டே நேரடிப் பேச்சையும் தொடங்குவது என்ற முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் செனட்டர் ஜிம் வெப் தான் ஷ்வேயைச் சந்தித்தார். நவம்பரில் வெளியுறவுத் துறையின் கர்ட் கேம்பெல் சென்றார். உடனடிப் பயன் எதுவும் விளையவில்லை. படையினர் தம் திட்டப்படியே நடந்தனர்: நர்கிஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தைச் சூறையாடிய 2008 மே மாதத்திலேயே பொதுவாக்கெடுப்பு நடத்தி நிறைவேற்றிக்கொண்ட அரசியலமைப்பின்படி 2010 நவம்பர் 7 அன்று தேர்தல் நடத்தினர்; ஆறு நாட்களுக்குப் பின் சூச்சியை வீட்டுக்காவலிலிருந்து விடுவித்தனர்; 2011 மார்ச் இறுதியில் முன்னாள் படைத்தளபதி தெய்ன் செய்ன் குடிமை உடையில் அதிபரானார். அந்த அரசியலமைப்பு நாடாளுமன்ற இடங்களில் 25 விழுக்காட்டைப் படைத்தலைவர் நியமிக்கும் அதிகாரிகளுக்கு ஒதுக்குகிறது. முக்கியமான பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகள் வேண்டும் என்கிறது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சகங்களையும் படையின் கையில் விடுகிறது. படையின் ஒப்புதலின்றிப் படையின் அதிகாரத்தைக் குறைக்க முடியாது என்பதே இவ்விதிகளின் கூட்டுப் பொருள். பின்னால் நிகழ்ந்த அனைத்துக்கும் இதுவே எல்லைக்கோடாக இருந்தது.

அந்தக் கோட்டுக்குள் தெய்ன் செய்ன் செய்த மாற்றங்கள் பலரும் எதிர்பாராதவை. 2011 ஆகஸ்டில் சூச்சியைத் தலைநகர் நேபிடோவுக்கு அழைத்துப் பேசினார். செப்டம்பர் 30 அன்று, சீன முதலீட்டில் கச்சின் மாநிலத்தில் கட்டப்பட்டுவந்த, 6,000 மெகாவாட் திறனுள்ள மைட்சோன் அணைத் திட்டத்தை மக்களின் எதிர்ப்பைக் காரணம் காட்டி நிறுத்திவைத்தார். அக்டோபரில் தொழிற்சங்கம் அமைக்க இடந்தரும் சட்டம் வந்தது, அரசியல் கைதிகள் விடுதலையும் தொடங்கியது. ஓர் அரசு மனித உரிமைகளின்பால் திடீரென அன்பு கொண்டதன் விளைவாக மட்டும் இதனைக் கொள்வதற்கில்லை. ஒரே அயல்நாட்டை நம்பியிருப்பது படைத்தலைவர்களுக்கே உறுத்தலாகிவிட்டிருந்தது. ஆசியான் அமைப்பின் தலைமைப் பொறுப்பும் உலகச் சந்தையும் தேவைப்பட்டன. அமெரிக்காவின் பக்கத்திலும் நோக்கம் கலப்பற்றதாக இருக்கவில்லை. ஆசியாவை நோக்கிய தன் திருப்பத்தை ஒபாமா அறிவித்த அதே 2011 நவம்பரில்தான் மியான்மர் நோக்கிய முதல் பெரிய அடியும் வைக்கப்பட்டது. வட கொரியாவோடு மியான்மர் கொண்டிருந்த படைத்துறை உறவை முறிப்பது அமெரிக்கக் கோரிக்கைகளில் ஒன்றாக எப்போதும் இருந்தது. நோக்கங்கள் கலந்திருந்தன என்பதாலேயே விளைவுகளைப் பொய் என்று ஒதுக்குவதும் பொருந்தாது. சிறைக்கதவு திறந்த காரணம் எதுவாயினும், வெளியே வந்தவர்க்கு அது விடுதலையே.

அமெரிக்கா தன் அணுகுமுறையைச் செயலுக்குச் செயல் என்று அழைத்தது. மியான்மர் ஓரடி வைத்தால் வாஷிங்டனும் ஓரடி வைக்கும், பின்வாங்கினால் தானும் பின்வாங்கும் என்பது இதன் கருத்து. 2011 டிசம்பர் தொடக்கத்தில் ஹிலாரி கிளிண்டன் நேபிடோவிலும் யாங்கோனிலும் இருந்தார். 1955இல் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் சென்ற பிறகு அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஒருவர் அங்குச் செல்வது அதுவே முதன்முறை. 2012 ஜனவரி 12 அன்று கரென் இனக் கிளர்ச்சி அமைப்பான கரென் தேசிய ஒன்றியத்துடன் போர்நிறுத்தம் கையெழுத்தானது. மறுநாள் 1988 மாணவர் தலைவர் மின் கோ நைங், ஷான் தலைவர் குன் துன் ஊ, 2007 எழுச்சியின் துறவி காம்பிரா உள்ளிட்ட 651 பேர் விடுவிக்கப்பட்டனர். அன்றே முழுநிலைத் தூதர்களைப் பரிமாறிக்கொள்ளப்போவதாக வாஷிங்டன் அறிவித்தது. ஏப்ரல் 1 இடைத்தேர்தலில் தேசிய ஜனநாயக லீக் தான் போட்டியிட்ட 44 தொகுதிகளில் 43ஐ வென்றது. மூன்று நாட்களில் கிளிண்டன் அடுத்த சலுகைகளை அறிவித்தார். ஜூலை 11 அன்று டெரெக் மிட்செல் தூதராகப் பொறுப்பேற்க, அதே நாளில் முதலீட்டுத் தடை தளர்ந்தது. ஆகஸ்டில் வெளியீட்டுக்கு முந்தைய தணிக்கை ஒழிக்கப்பட்டது. செப்டம்பரில் தெய்ன் செய்னின் பெயர் தடைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நவம்பரில், ஜேடும் மாணிக்கமும் நீங்கலாக, இறக்குமதித் தடையும் விலக்கப்பட்டது. அம்மாதம் 19ஆம் நாள் பதவியிலிருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் வரலாற்றில் முதன்முறையாக யாங்கோனில் இறங்கினார். முதல் தூதரக அறிவிப்பிலிருந்து இதுவரை கழிந்தவை பத்து மாதங்களே.

இங்குச் சட்ட நுட்பம் ஒன்றில் சற்று நின்று நோக்க வேண்டும், ஏனெனில் முழு நிகழ்வின் திறவுகோல் அதில் இருக்கிறது. 2012இல் அமெரிக்கா எந்தத் தடைச் சட்டத்தையும் நீக்கவில்லை. சட்டம் அப்படியே இருக்க, அதன் செயல்பாட்டை அதிபர் நிறுத்திவைக்கும் விலக்களிப்பு என்ற முறையையும், தடை செய்யப்பட்ட செயலைக் குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனைவரும் செய்ய நிதித்துறை அனுமதிக்கும் பொது உரிமம் என்ற முறையையுமே அது கையாண்டது. அந்த உரிமத்தோடு கட்டுப்பாடும் வந்தது: ஐந்து லட்சம் டாலருக்கு மேல் முதலிடும் அமெரிக்கர், நிலம் கையகப்படுத்தல், தொழிலாளர் உரிமை, படையினரோடு செய்துகொண்ட ஏற்பாடுகள் ஆகியவற்றில் தாம் பின்பற்றும் நெறிகளைப் பற்றி வெளியுறவுத் துறைக்கு அறிக்கை அளிக்க வேண்டும். மியான்மர் பின்வாங்கினால் ஒரே கையெழுத்தில் பழைய நிலைக்குத் திரும்ப முடியும் என்பதே இந்த அமைப்பின் வலிமை.

மறுபக்கத்திலும் இதே ஏற்பாடு இருந்தது என்பது அக்காலத்துப் பாராட்டுரைகளில் அதிகம் பேசப்படவில்லை. 2012 ஜனவரியில் விடுவிக்கப்பட்ட அரசியல் கைதிகள் மன்னிக்கப்படவில்லை, அவர்கள்மீதான தீர்ப்புகளும் நீக்கப்படவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 401ஆம் பிரிவின்கீழ் அவர்களுடைய தண்டனையின் எஞ்சிய பகுதி நிறுத்திவைக்கப்பட்டது; மீண்டும் குற்றம் செய்ததாக அரசு கருதினால், விட்ட இடத்திலிருந்து அந்த ஆண்டுகளையும் சேர்த்துச் சிறையில் கழிக்க வேண்டும். அறுபதாண்டுக்கும் மேற்பட்ட தண்டனை பெற்றிருந்தோரும் அவர்களுள் இருந்தமையால் அந்நிபந்தனை வெறும் சொல்லன்று. காம்பிரா விடுதலையான சில வாரங்களிலேயே மீண்டும் பிடிக்கப்பட்டு விசாரிக்கப்பட்டதும், பின்னர்ப் பலமுறை கைதானதும் அதன் பொருளை உணர்த்தின. ஆக, தெய்ன் செய்ன் தண்டனைகளை நிறுத்திவைத்தார், ஒபாமா தடைகளை நிறுத்திவைத்தார். எவரும் எதையும் கைவிடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை என்பதையே இது காட்டினாலும், தூதரக நோக்கில் இது குறையன்று. நம்பிக்கை இல்லாத இருவர் பேசத் தொடங்குவதற்கு இதைவிட நேர்மையான வழி இருந்திருக்க முடியாது. இந்தச் சமநிலை எப்போது, எந்தப் பக்கத்தில் குலைந்தது என்பதே அடுத்து எழும் வினா.

அது குலைவதற்கு இரு காரணங்கள் இருந்தன. முதலாவது சந்தையின் நடைமுறை. நிதித்துறையின் சிறப்புப் பட்டியலில் பெயர் இடம்பெற்றவரோடு எந்த அமெரிக்கரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. அவருக்குப் பாதியோ அதற்கு மேலோ உரிமையுள்ள நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். யாங்கோனின் முதன்மையான சரக்கு முனையமோ பட்டியலிடப்பட்டிருந்த ஆசியா வேர்ல்டு குழுமத்தின் கையில் இருந்தது. நாட்டுக்கு வரும் சரக்கின் பெரும்பகுதி அதன் வழியே இறங்கியதால், தடையே இல்லாத வணிகத்துக்கும் பணம் தர வங்கிகள் அஞ்சின. 2015 டிசம்பரில், துறைமுகப் பயன்பாட்டுக்கென ஆறு மாதத் தனி உரிமம் வழங்கியே அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. நிறுத்திவைப்பு என்ற நிலை சட்டத்தில் தெளிவாக இருந்தாலும், வணிகர்க்கு அது தீராத ஐயமாகவே இருந்தது; தடையின் மிச்சங்களையும் துடைத்தெறிய வேண்டும் என்ற குரல் வலுத்தது.

இரண்டாவது காரணம் ஆழமானது. மியான்மரில் முன்னேற்றம் உண்டா இல்லையா என்பதை அளக்க அமெரிக்கா வைத்திருந்த கோல் ஒரு தனிமனிதர். 2011 நவம்பரில் கிளிண்டனின் பயணத்தை அறிவிப்பதற்கு முன் ஒபாமா விமானத்திலிருந்தபடியே சூச்சியைத் தொலைபேசியில் அழைத்து அவருடைய ஒப்புதலைக் கேட்டறிந்தார். ஒவ்வொரு தளர்த்தலுக்கு முன்பும் அவர் என்ன கருதுகிறார் என்பதே அமெரிக்க நாடாளுமன்றத்தில் முதலில் எழுந்த வினா. 2012 செப்டம்பரில் அவர் வாஷிங்டன் சென்று, தம் மக்கள் தடைகளையே நம்பியிருக்கலாகாது என்று கூறிய பிறகே இறக்குமதித் தடையின் கதை முடிவுக்கு வந்தது. பதினைந்தாண்டுகள் காவலில் கழித்தவரின் சொல்லுக்கு இந்த மதிப்புக் கிடைத்தது இயல்பே. படையாட்சி காலத்தில் நாட்டு மக்களின் விருப்பத்தை அறிய வேறு வழியும் குறைவாகவே இருந்தது. ஆனால் 2012 ஏப்ரலுக்குப் பின் அவர் நாடாளுமன்ற உறுப்பினர், அதிபர் பதவியை நாடும் கட்சித் தலைவர்; பெரும்பான்மை பாமர் இனப் பௌத்த வாக்காளரை இழக்க விரும்பாதவர். 2016இல் அவர் நடைமுறையில் அரசின் தலைவராகவே ஆனபோது, அளக்கும் கோலே அளக்கப்படும் பொருளாகிவிட்டது. இதை வாஷிங்டன் உணர்ந்ததற்கான அடையாளம் அன்றைய முடிவுகளில் இல்லை.

அந்தக் கோல் அளக்கத் தவறிய இடம் ரக்கைன் மாநிலம். 2012 ஜூனிலும் அக்டோபரிலும் அங்கு வெடித்த வன்முறையில் ஏறத்தாழ 1,40,000 பேர் வீடிழந்து முகாம்களில் அடைபட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரோஹிங்கியா முஸ்லிம்கள். அமெரிக்காவும் மியான்மரும் நடத்திய முதல் மனித உரிமை உரையாடல் அதே அக்டோபரில்தான் நேபிடோவில் நடைபெற்றது. மாதம் முடிவதற்குள் இரண்டாம் அலை மூண்டது. ஐரோப்பிய ஒன்றியம் படைக்கல விற்பனைத் தடை தவிர்த்த அனைத்துத் தடைகளையும் நிரந்தரமாக நீக்கிய 2013 ஏப்ரல் 22 அன்றே, ரக்கைனில் நடந்தது இனத் துடைத்தழிப்பு என்று கூறிய ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையும் வெளியானது.   அறிக்கை வந்தும் ஒன்றியத்தின் முடிவு மாறவில்லை.

ரோஹிங்கியரின் நிலைக்கு வேராக இருந்தது 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். 1823க்கு முன்பிருந்தே அம்மண்ணில் வாழ்ந்ததாக அரசு ஏற்கும் இனங்களுக்கே முழுக் குடியுரிமை என்றும், பிறர்க்கு இணைக்குடிமை, இயல்பாக்கப்பட்ட குடிமை என்ற கீழ்ப்படிகள் என்றும் அது வகுத்தது. முதல் ஆங்கிலேய - பர்மியப் போர் தொடங்கியது 1824இல் என்பதால், ஆங்கிலேயரோடு வந்தவர் எவரும் முழுக் குடிமக்களாகலாகாது என்பதே அந்த ஆண்டின் உட்பொருள். 1960களின் நாட்டுடைமையாக்கத்தால் துரத்தப்பட்டுச் சென்னைக்கும் மணிப்பூரின் மோரேவுக்கும் வந்தவர்கள் போக, அங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் பிள்ளைகளுக்கும் இச்சட்டத்தின் நிழல் அந்நியமானதன்று. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை ரோஹிங்கியர் என்று சொன்னவர் எண்ணப்படவில்லை. வெள்ளை அட்டை எனப்பட்ட தற்காலிக அடையாளச் சீட்டுகள் 2015 மார்ச்சோடு செல்லாதவையாக, அவற்றை வைத்திருந்தோர் வாக்குரிமையை இழந்தனர். உலகம் கொண்டாடிய 2015 நவம்பர்த் தேர்தல், முந்தைய தேர்தலில் வாக்களித்திருந்த லட்சக்கணக்கானோரை விலக்கி நடந்த தேர்தலாகும். விடுதலையான கைதிகளின் எண்ணிக்கை, வென்ற தொகுதிகள், கையெழுத்தான போர்நிறுத்தங்கள் ஆகியவற்றை எண்ணிப் பார்க்க முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சலுகை பதிலாகக் கிடைத்தது. குடியுரிமைச் சட்டமும் அரசியலமைப்பின் 25 விழுக்காடும் அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் வரவே இல்லை. எண்ணக்கூடியவற்றில் பெரும்பாலானவை அரசு நினைத்தால் மறுநாளே திருப்பிக்கொள்ளக்கூடியவை என்பதும் கருதத்தக்கது.

ஒபாமாவின் 2012 வருகையை ஒட்டித் தெய்ன் செய்ன் பதினொரு உறுதிமொழிகள் அளித்தார். பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சிறைகளில் நுழைய அனுமதி, எஞ்சிய அரசியல் கைதிகளின் வழக்குகளை ஆராயக் குழு, ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையருக்கு நாட்டுக்குள் அலுவலகம் ஆகியவை அவற்றுள் அடங்கும். முதல் இரண்டும் ஓரளவு நிறைவேறின, மூன்றாவது நிறைவேறவில்லை. நிறைவேறாததற்கென்று அமெரிக்கா எச்சலுகையையும் திரும்பப் பெறவும் இல்லை. பின்வாங்கினால் தானும் பின்வாங்கும் என்ற செயலுக்குச் செயல் கொள்கையின் இரண்டாம் பாதி 2012க்கும் 2016க்கும் இடையில் பெரிய அளவில் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை என்பதே இங்குக் குறிப்பிடத்தக்கது.

2016 மார்ச் இறுதியில் தேசிய ஜனநாயக லீக் ஆட்சியமைத்தது. வெளிநாட்டுக் குடிமக்களைப் பிள்ளைகளாக உடையோர் அதிபராகலாகாது என்ற விதியால் தடுக்கப்பட்ட சூச்சி, அரசு ஆலோசகர் என்ற புதிய பதவியில் அமர்ந்தார். செப்டம்பர் 14 அன்று வெள்ளை மாளிகையில் அவரை அருகில் வைத்துக்கொண்டு ஒபாமா தடைகள் நீங்கும் என்று அறிவித்தார். அக்டோபர் 7 அன்று வெளியான ஆணை, தடைகளுக்கு அடித்தளமாக 1997 முதல் ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டுவந்த தேசிய நெருக்கடி அறிவிப்பையே முடித்துவைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் பட்டியலிலிருந்து விழுந்தன, ஜேடும் மாணிக்கமும் கட்டவிழ்ந்தன, நவம்பரில் வரிச்சலுகையும் திரும்பியது. படைக்கல விற்பனைக்கான தடை போன்ற சில மட்டுமே எஞ்சின. அக்டோபர் 9 அதிகாலை ரக்கைனின் மவுங்டா பகுதியில் எல்லைக் காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன. படையினரின் பதிலடியில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினர். ஆணைக்கும் இதற்கும் இடையே காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் நிறுத்திவைப்பு நிலையில் இருந்திருந்தால் ஒரே கையெழுத்தில் மீளக்கூடிய கருவிகள், இரண்டு நாட்களுக்கு முன்பே இல்லாமல் போயிருந்தன.

இம்முடிவை எடுத்தோர் தரப்பிலும் நியாயம் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி வந்த பின்பும் தடைகளை வைத்திருந்தால், அதன் சுமை படையின்மீதன்றிப் புதிய ஆட்சியின்மீதே விழும். படையின் நிறுவனங்கள் சீன, தாய்லாந்து வணிகத்தில் வாழ்ந்துகொள்ள, வேலைவாய்ப்புக்குக் காத்திருந்த இளைஞர்களே வருந்துவர். நீங்கவேண்டிய காலம் கடந்தும் நீங்காத தடையினால் வரும் கேட்டுக்கும் அமெரிக்க வரலாற்றில் சான்று உண்டு. சோவியத் யூதர்களின் குடிபெயர்வு உரிமைக்காக 1974இல் நிறைவேற்றப்பட்ட ஜாக்சன் - வானிக் திருத்தம், ரஷ்யா அந்நிபந்தனையை நிறைவேற்றிவிட்டது என 1994இல் அமெரிக்காவே ஏற்றுக்கொண்ட பின்பும் 2012 டிசம்பர் வரை சட்டப்புத்தகத்தில் கிடந்து, செய்த மாற்றத்துக்கும் பயனில்லை என்ற கசப்பையே மாஸ்கோவில் வளர்த்தது. அந்தத் தவறுக்கு நேர் எதிரான தவறே மியான்மரில் நடந்தது. ஆட்சியின்மீதான தடைகளை நீக்கிவிட்டுப் படையின் இரு பெரும் வணிகக் குழுமங்களின்மீதும் ஜேட் சுரங்கங்களின்மீதும் மட்டும் கட்டுப்பாட்டைத் தக்கவைத்திருக்கலாம்; அவ்வாறு பிரித்துச் செய்யுமாறு மனித உரிமை அமைப்புகள் அப்போதே கோரின. சூச்சி வேண்டாம் என்றார் என்பதே அக்கோரிக்கைக்குக் கிடைத்த விடையின் சாரம்.

2017 ஆகஸ்ட் 25 அன்று ரோஹிங்கியா ஆயுதக் குழு நடத்திய தாக்குதலுக்குப் பின் படையினர் மேற்கொண்ட நடவடிக்கையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்தனர். இதற்கு இனத் துடைத்தழிப்பு என்று வெளியுறவுச் செயலர் டில்லர்சன் பெயரிட மூன்று மாதங்கள் ஆயின; இனப்படுகொலை என்று பின்னாளைய செயலர் பிளிங்கன் அறிவித்தது 2022 மார்ச் 21 அன்று. நாட்டளவிலான தடைக்கு அடித்தளமே இல்லாத நிலையில், உலகெங்கும் உரிமை மீறுவோரைத் தனித்தனியே தண்டிக்கும் மேக்னிட்ஸ்கி சட்டம்தான் கைக்கு எட்டியது. 2017 டிசம்பரில் ஒரு தளபதி, 2018 ஆகஸ்டில் நான்கு தளபதிகளும் இரு காலாட்படைப் பிரிவுகளும், 2019 டிசம்பரில் தலைமைத் தளபதி மின் ஆங் ஹ்லைங் எனப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அமெரிக்காவில் சொத்தோ வங்கிக் கணக்கோ வைத்திராத படையதிகாரிக்கு அப்பட்டியல் அவமதிப்பேயன்றி இழப்பாகாது. 2019 டிசம்பரில் ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில் படையினரின் செயலை மறுத்துப் பேச வந்து நின்றவர், ஐந்தாண்டுக் காலம் வாஷிங்டனின் அளவுகோலாக இருந்த சூச்சியே.

2021 பிப்ரவரி 1 அன்று படை மீண்டும் ஆட்சியைப் பறித்தது. பிப்ரவரி 10 அன்று பைடன் புதிய நெருக்கடி அறிவிப்போடு ஆணை பிறப்பித்தார். நியூயார்க்கில் இருந்த ஏறத்தாழ நூறு கோடி டாலர் மியான்மர் இருப்பு முடக்கப்பட்டது. மார்ச்சில் படையின் இரு வணிகக் குழுமங்களும், ஏப்ரலில் அரசின் ரத்தினக்கல், மரம் ஆகியவற்றுக்கான நிறுவனங்களும் பட்டியலில் ஏறின. எரிவாயு வருவாயைத் திரட்டும் அரசு நிறுவனத்தின்மீது மட்டும், 2023 அக்டோபர் 31 அன்றுதான், அதுவும் நிதிச் சேவைகளை மட்டும் தடுக்கும் ஆணை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக முன்பே அந்நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது. இதற்கிடையில், ஆட்சியிழந்தோர் அமைத்த தேசிய ஒற்றுமை அரசு 2021 ஜூனில் 1982 குடியுரிமைச் சட்டத்தை மாற்றுவதாக அறிவித்தது. பேரம் பேசும் வலிமை அமெரிக்காவிடம் மிகுந்திருந்த ஆண்டுகளில் அதனால் அழுத்திக் கேட்கப்படாத அந்த மாற்றம், அதனை நிறைவேற்றும் அதிகாரம் சற்றும் இல்லாதவர்களிடமிருந்து வந்தது.

முன்னேற்றத்தை எதைக்கொண்டு கணக்கிடுவது என்ற வழக்கு வாஷிங்டனில் இன்னும் தீர்ந்தபாடில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, மியான்மர் நாட்டவருக்கு அளித்திருந்த தற்காலிகப் பாதுகாப்புத் தகுதியை, அதாவது தாய்நாடு பாதுகாப்பற்று இருக்கும்வரை அமெரிக்காவில் தங்கிப் பணிசெய்யும் அனுமதியை, முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. நெருக்கடிநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது, தேர்தல் நடத்தத் திட்டமிடப்பட்டிருப்பது, சில போர்நிறுத்த உடன்பாடுகள் ஏற்பட்டிருப்பது ஆகியவற்றை நிலைமை மேம்பட்டதற்கான சான்றுகளாக அது காட்டியது. அந்தத் தேர்தலுக்கு நாள் குறிக்கப்பட்டபோது தேசிய ஜனநாயக லீக் தேர்தல் ஆணையத்தால் கலைக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் தலைவர் சிறையில் இருந்தார்.